வேறு நாட்டு நடுவர்

திருகோணமலையில் ஒருவகைக் கிரிக்கெட் ரசிகர் உண்டு. பார்த்த மட்ச்களிலேயே மனம் நிறைந்தது எது என்று கேட்டால், உலகக் கிண்ண இறுதியாட்டம் எதையும் அவர் சொல்லமாட்டார். 2005 டிசம்பரில் டெல்லி பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் நடந்த டெஸ்டைச் சொல்வார். முதல் இன்னிங்ஸில் முத்தையா முரளிதரன் 100 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். அதே இன்னிங்ஸில்தான் டெண்டுல்கர் 35ஆவது சதம் அடித்து கவாஸ்கரைத் தாண்டினார். கடைசியில் இந்தியா 188 ஓட்டங்களால் வென்றது. முரளிக்கு விக்கெட், இலங்கைக்குத் தோல்வி: கேட்ட இரண்டும் ஒரே மட்சில் கிடைத்துவிட்டன.

இப்படியொரு ஆசையோடு கிரிக்கெட் பார்ப்பது லேசான வேலை இல்லை. முரளி விக்கெட் எடுக்க எடுக்க இலங்கை வெற்றிக்குக் கிட்டப் போய்விடும். ஆகவே ஐந்தாவது விக்கெட் வரைக்கும் அவருக்காக வேண்டிக்கொண்டு, அதற்குப் பிறகு எதிரே துடுப்போடு நிற்கிறவர் நின்றுபிடிக்க வேண்டும் என்று வேண்ட வேண்டும். எங்கள் ஊர்க் கோயில் கோணேசர் இந்த வேண்டுதல்களை எந்தக் கணக்கில் எழுதினாரோ. 2010 ஜூலையில் காலியில் முரளியின் 800ஆவது விக்கெட்டாகப் பிரக்யான் ஓஜா ஆட்டமிழந்தபோது இலங்கை பத்து விக்கெட்டுகளால் வென்றது. அன்றைக்கு இவர்களுக்குப் பாதிச் சந்தோஷம்தான்.

வெளியே நின்று பார்க்கிறவருக்கு இது துரோகமாகத் தெரியும், அல்லது வக்கிரமாக. சொந்த நாட்டு ஆட்டக்காரன் பூச்சியத்தில் ஆட்டமிழக்க வேண்டும் என்று நினைக்கிற மனம் என்ன மனம் என்று கேட்பார்கள். அந்த மனங்களுக்கு நடுவே வளர்ந்தவன் நான். அவற்றில் குரோதத்தைவிட இக்கட்டையே அதிகம் கண்டிருக்கிறேன்.

போர்க்காலத்தில் நகரத் தேத்தண்ணிக் கடைகளில் மட்ச் பார்த்தவர்களுக்கு ஒரு கையசைவு தெரிந்திருக்கும். தொலைக்காட்சிப் பெட்டி மேலே இறாக்கையில் இருக்கும். ஜயசூரிய ஆட்டமிழப்பார். தட்டுவதற்குக் கை எழும்பும். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு சீருடை வந்து நிற்கும். எழும்பிய கை அப்படியே தலைக்குப் போய்ச் சொறிந்துவிட்டு இறங்கும். கடைக்காரர் சத்தத்தைக் குறைப்பார். குறைத்தது தெரிந்துவிடும் என்று பயந்து மறுபடி கொஞ்சம் கூட்டுவார். வந்து நிற்கிற சிப்பாயும் அநேகமாக இருபது இருபத்திரண்டு வயதுப் பெடியன்தான். அநுராதபுரத்திலிருந்தோ மாத்தறையிலிருந்தோ வந்திருப்பான். துவக்கைத் தோளில் சரித்துக்கொண்டு, “ஸ்கோர் கீயத?” என்று கேட்பான். யாராவது ஒருவர் பவ்வியமாகச் சொல்வார். அவன் உச்சுக்கொட்டுவான். கடை முழுவதும் அவனோடு சேர்ந்து உச்சுக்கொட்டும்.

அந்தப் பெடியன்மேல் கடையில் யாருக்கும் தனிப்பட்ட கோபம் இருந்ததில்லை. ஜயசூரியமேலும் இல்லை. அவர் அடிக்கிற அடியைத் தனியே ரசித்தவர்கள்தான் அவர் ஆட்டமிழக்கக் காத்திருந்தவர்களும்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், இந்தியாவோடு நமக்கிருப்பது தொப்புள்கொடி உறவு என்பது. எனக்கு அது போதவில்லை. 1983 ஜூன் 25 அன்று கபில்தேவ் லோர்ட்ஸில் கிண்ணத்தைத் தூக்கினார். ஒரு மாதம் போவதற்குள் தமிழர்களைத் தாக்கிய கறுப்பு ஜூலைக் கலவரம் வந்தது. அந்த இரண்டும் அடுத்தடுத்து நினைவில் விழுந்த தலைமுறைக்கு இந்தியா புகலிடமாகத் தெரிந்தது உண்மைதான். ஆனால் நான்கு வருடத்தில் அதே இந்தியாவின் படை இங்கே வந்தது. 1987 ஒக்டோபரில், இந்தியாவில் உலகக் கிண்ணப் போட்டிகள் நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் அந்தப் படை நடத்திய படுகொலையும் எல்லோருக்கும் தெரியும். 1990 மார்ச் 24 அன்று அந்தப் படையின் கடைசிப் பகுதி எங்கள் துறைமுகத்தில்தான் கப்பல் ஏறியது. அந்தக் காலத்தை மன்னிக்காத வீடுகளிலும் அடுத்த மட்சில் ஆதரவு இந்தியாவுக்குத்தான்.

அதைவிடப் பெரிய முடிச்சு 1996. லாகூரில் இறுதியாட்டம், எதிரே அவுஸ்திரேலியா. அதற்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள்தான் மெல்பேர்னில் அவுஸ்திரேலிய நடுவர் டரல் ஹெயார் முரளியின் பந்துவீச்சை ஏழு தடவை நோபோல் என்று அறிவித்திருந்தார். தமிழ்ப் பிள்ளையை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று கொதித்த அதே ஆட்களில் சிலர் மார்ச் 17 அன்று அவுஸ்திரேலியா வெல்ல வேண்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். மார்க் டெய்லருக்கும் திருகோணமலைக்கும் என்ன தொப்புள்கொடி? எல்லோரும் அப்படி இருந்தார்கள் என்று சொல்லவில்லை. அரவிந்த டி சில்வாவின் அந்தச் சதத்தைப் பார்த்து மனம் விட்டு மகிழ்ந்த தமிழர்களும் நிறையப் பேர்.

அந்த வருடத்தைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழையில் தென்மராட்சிக்கு நடந்தார்கள். டிசம்பரில் இராணுவம் யாழ்ப்பாணத்தில் சிங்கக்கொடி ஏற்றியது. ஜனவரி 31 அன்று கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்துச் சாதாரண சனம் செத்தது. அதைக் காரணம் காட்டி அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு ஆட வர மறுத்தன. ஆகவே இலங்கை கிண்ணத்தை வென்றபோது, ஆட்டக்காரர்கள் நினைத்தார்களோ இல்லையோ, அது போருக்குச் சொன்ன பதிலாகிவிட்டது. டிசம்பரில் ஏறிய கொடியும் மார்ச்சில் ஆடிய கொடியும் ஒன்றுதான். வீடு விட்டு வந்தவனைப் பார்த்து இரண்டையும் பிரித்துப் பார் என்று சொல்லலாம். சொல்வது சுலபம்.

தமிழருக்கு இந்த விளையாட்டு அந்நியம் என்றால் கதை எளிதாக முடிந்திருக்கும். 1948இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கி ஆடியபோது இலங்கைக்குத் தலைவராக நின்றவர் மகாதேவ சதாசிவம். 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதலாவது டெஸ்டை ஆடிய பி. சரவணமுத்து மைதானம் தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம். அதற்கு முந்தைய வருடம் யாழ் நூலகம் எரிந்தது; அடுத்த வருடம் கொழும்பில் வீடுகள் எரிந்தன. நாட்டின் டெஸ்ட் வாழ்க்கை இந்த இரண்டு நெருப்புக்கும் நடுவே பிறந்தது.

டெல்லி டெஸ்ட் முடிந்து மூன்று வாரம் ஆகவில்லை. 2006 ஜனவரி 2 மாலை, எங்கள் நகரக் கடற்கரையில் காந்தி சிலைப் பக்கம், ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஊரே காற்று வாங்கப் போகிற இடம் அது. வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டது. குற்றஞ்சாட்டப்பட்டிருந்த விசேட அதிரடிப் படையினர் 13 பேரும் போதிய சாட்சியம் இல்லையென்று 2019 ஜூலையில் திருகோணமலை நீதவானால் விடுவிக்கப்பட்டார்கள்.

இதற்கும் கிரிக்கெட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஜயவர்தனவோ சங்கக்காரவோ இதில் ஒரு பாவமும் அறியாதவர்கள். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. சுட்டவர் யாரென்று தீர்ப்பில் வராத ஊரில், நாட்டின் பெயரை நெஞ்சில் எழுதிக்கொண்டு கண்முன்னே வந்து நிற்பவர்கள் பதினொரு விளையாட்டுக்காரர்கள் மட்டும். அமைச்சர் தோற்று ஒருவரும் பார்த்ததில்லை. தளபதி தோற்றுப் பார்த்ததில்லை. விசாரணைக் கமிஷன்கள் உட்காரும், எழும்பும், அறிக்கை எங்கேயோ ஒரு அலுமாரிக்குள் போகும். மைதானத்தில் மட்டும் எல்லோருக்கும் தெரிகிற ஒரு பலகை இருக்கிறது. அதில் எழுதியதை எந்த அமைச்சராலும் மாற்ற முடியாது.

இன்னொன்றும் உண்டு. டெஸ்ட் போட்டிகளில் நடுவர்கள் இருவருமே வேறு நாட்டவராக இருக்க வேண்டும் என்று சர்வதேச கிரிக்கெட் சபை 2002இல் விதி செய்தது. சொந்த நாட்டு நடுவர் எவ்வளவுதான் நேர்மையானவராக இருந்தாலும் எதிரணிக்கு நம்பிக்கை வராது என்பதுதான் காரணம், நியாயமான காரணம். போர் முடிந்த 2009க்குப் பிறகு தமிழர்கள் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவைக்குப் போய்ப் போய்க் கேட்டது இதையேதான்: உள்நாட்டு விசாரணை வேண்டாம், வெளியார் வேண்டும். நாட்டின் இறைமைக்கு இழுக்கு என்று கொழும்பு மறுத்தது. கோட்லாவில் வேறு நாட்டு நடுவர் விரல் தூக்கியபோது மட்டும் யாரும் இறைமையைப் பற்றிப் பேசவில்லை. துடுப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்கள்.

இலங்கை தோற்க வேண்டும் என்று இருந்தவருக்கு வேண்டியிருந்தது ஆட்டக்காரனின் வீழ்ச்சி என்று நான் நம்பவில்லை. ஒரு தீர்ப்பு வேண்டியிருந்தது. நாடு என்று சொல்லப்படுவது ஒரு தடவையாவது, ஒரு விதிக்குக் கட்டுப்பட்டு, வெளியார் ஒருவர் முன்னால், தோற்றேன் என்று ஒத்துக்கொண்டு கைகுலுக்குவதைப் பார்க்க வேண்டியிருந்தது. வேறு எங்கும் பார்க்கக் கிடைக்காததை அவர் அங்கே தேடினார்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய நோய் இல்லை. 2022 நவம்பர் 29 அன்று கட்டார் உலகக் கிண்ணத்தில் ஈரான் அமெரிக்காவிடம் 1-0 என்று தோற்றது. அந்த வருடம் செப்டம்பரிலிருந்து அரசுக்கு எதிராகத் தெருவில் இறங்கி அடி வாங்கியிருந்த ஈரானியர்கள் பலர் தங்கள் அணியின் தோல்விக்கு வெடி கொளுத்தி, வாகன ஹோர்ன் அடித்துக் கொண்டாடினார்கள். பந்தர் அன்சலி நகரில் அப்படி ஹோர்ன் அடித்த இளைஞர் ஒருவரைப் படையினர் சுட்டுக் கொன்றதாக மனித உரிமை அமைப்புகள் சொல்லின. உதைபந்தாட்டத் தோல்வி ஒன்று அரசுக்கு எவ்வளவு உறைத்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நிறவெறிக் காலத்தில் கேப் டவுன் நியூலாண்ட்ஸ் மைதானத்தில் தனியாக அடைத்து உட்காரவைக்கப்பட்ட கறுப்பின, கலப்பின மக்கள் நியூசிலாந்து ரக்பி அணிக்குக் கை தட்டினார்கள். நிறவெறி ஆட்சி போய்ப் பல வருடமாகியும் அங்கே அந்தக் கைதட்டல் முழுதாக நிற்கவில்லை. வழக்கு முடிந்தாலும் வழக்காளியின் பழக்கம் கொஞ்சக் காலம் இருக்கத்தான் செய்யும்.

எல்லாவற்றையும் இப்படிக் கனமாக்கவும் கூடாது. எந்த இனத்துக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாத மாவட்டம் இது. கிண்ணியாவிலும் மூதூரிலும் பாகிஸ்தானுக்குக் கை தட்டுகிற முஸ்லிம் பெடியன்கள் இருந்தார்கள், நகரத்தில் இந்தியாவுக்குத் தட்டுகிற தமிழ்ப் பெடியன்கள், இரண்டு பேரையும் முறைக்கிற சிங்களப் பெடியன்கள். அதில் பாதி, பக்கத்து வீட்டுக்காரனை எரிச்சல்படுத்துகிற சுகம். உலகத்தில் எந்தத் தெருவிலும் உள்ளதுதான். எங்கள் தெருவில் அந்தச் சுகத்துக்கும் பொலிசில் பதில் சொல்ல வேண்டி வரலாம் என்பது மட்டும் வித்தியாசம்.

இங்கிலாந்தின் பழமைவாதக் கட்சிப் பிரமுகர் நோர்மன் டெபிட் 1990இல் ஒரு கேள்வி போட்டார். தெற்காசியாவிலிருந்தும் கரீபியனிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் கிரிக்கெட்டில் யாருக்கு ஆதரவு கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் அவர்களின் விசுவாசம் தெரிந்துவிடும் என்பது அவர் கருத்து. 2009 மே 19 அன்று, போர் முடிந்த கையோடு, ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச பாராளுமன்றத்தில் தமிழிலும் சில வார்த்தைகள் பேசினார். அந்த உரையிலே, இந்த நாட்டில் இனிச் சிறுபான்மை என்று யாரும் இல்லை, நாட்டை நேசிப்பவர்கள், நேசிக்காதவர்கள் என்ற இரண்டு கூட்டம்தான் என்ற பொருளில் சொன்னார். டெபிட் குடியேறி வந்தவர்களுக்கு வைத்த சோதனை, இங்கே பிறந்து தவழ்ந்தவர்களுக்கு வைக்கப்பட்டது.

இதைச் சொல்கிறபோது எங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சோதனை வைக்கிற பழக்கம் எங்களுக்கும் தொற்றியது. அதில் அகப்பட்டவர் முரளி. மலையகத் தமிழ்க் குடும்பம். 1977 கலவரத்தில் கண்டியில் அவர் தந்தையின் பிஸ்கட் தொழிற்சாலை எரிக்கப்பட்டபோது அவருக்கு ஐந்து வயது. வடகிழக்கின் போரைப் பற்றி அவர் வாய் திறக்க வேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள், அவருடைய மலையகத்துக்காக எத்தனை தடவை வாய் திறந்தோம் என்று கணக்குப் பார்த்ததில்லை. 2013இல் தமிழ்நாட்டு அரசு இலங்கை ஆட்டக்காரர் எவரும் சென்னையில் ஐபிஎல் ஆடக் கூடாது என்றது. அந்தத் தடைக்குள் சென்னை மருமகனான முரளியும் அடக்கம். போர் முடிந்த வருடத்தைப் பற்றி அவர் சொன்ன வார்த்தைகள் பலரைப் புண்படுத்தின, என்னையும்தான்; பிறகு அவர் விளக்கம் சொன்னார். 2020 ஒக்டோபரில் அவர் வாழ்க்கையைச் சொல்லும் ‘800’ படத்திலிருந்து எதிர்ப்புத் தாங்காமல் விஜய் சேதுபதி விலகினார். ஒரு மனிதன் பந்து போடுவதை மட்டும் பார்க்க எங்களால் முடியவில்லை. கொழும்பு அவர் தோளில் ஒரு கொடியைப் போர்த்தியது, நாங்கள் இன்னொன்றைப் போர்த்தப் பார்த்தோம்.

சென்னையில் அந்தத் தடை விழுந்து பத்து வருடம் கழித்து, 2023இல், சேப்பாக்கம் மைதானம் மதீஷ பத்திரனவுக்கு எழுந்து நின்று கூச்சல் போட்டது. கண்டியில் பிறந்த சிங்களப் பெடியன். அந்த வருடம் சென்னை சூப்பர் கிங்ஸ் கிண்ணம் வென்றதில் அவருடைய பங்கு பெரியது. திருகோணமலையிலும் மஞ்சள் சட்டை போட்ட பெடியன்கள் அவர் யோர்க்கர் போடும்போது கத்தினார்கள். அவரே இலங்கையின் நீலச் சட்டையில் வந்தபோது அதே பெடியன்களில் சிலர் மௌனமானார்கள். கை அதே கை, பந்து அதே பந்து. மாறுவது, அந்த விக்கெட்டைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளப் போவது யார் என்பது.

மஞ்சள் என்றதும் வேறொரு மஞ்சள் நினைவுக்கு வருகிறது. 2022 ஜூன் 24, கொழும்பு பிரேமதாச மைதானம். எரிபொருள் இல்லை, மருந்து இல்லை, நாடு வங்குரோத்து. அந்த நிலையிலும் வந்து ஆடிய அவுஸ்திரேலியாவுக்கு நன்றி சொல்ல இலங்கை ரசிகர்கள் எதிரணியின் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, எதிரணியின் பெயரைச் சொல்லி ஆரவாரித்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த வருடம் நவம்பர் 2 அன்று மும்பையில் இலங்கை இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்குச் சுருண்டது; நாலு நாளில் விளையாட்டு அமைச்சர் கிரிக்கெட் சபையைக் கலைத்தார். இப்படி நாறினால்தான் சபையைக் கழுவலாம், இன்னும் தோற்கட்டும் என்று வெளிப்படையாகச் சொன்ன சிங்கள ரசிகர்கள் உண்டு. அவர்கள் கேட்டதும் ஒரு தீர்ப்புத்தான். அதை நாட்டுப்பற்று என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். வீட்டுக்காரன் வீட்டைத் திட்டினால் அக்கறை. வாடகைக்கு இருக்கிறான் என்று நினைக்கப்படுபவன் அதையே சொன்னால் சாமானை வெளியே வை என்பார்கள்.

தன் நாடு தோற்க வேண்டும் என்று மட்ச் பார்க்கிறவர் நாட்டை விட்டுவிட்டார் என்று நினைப்பது தவறு. விட்டவர் மட்ச் பார்ப்பதில்லை. இவர் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை உட்கார்ந்திருக்கிறார். பதினொரு பேரின் பெயரும் அவருக்குப் பாடம். சிம்பாப்வே தோற்றால் அவருக்கு ஒன்றும் இல்லை, ஏனென்றால் சிம்பாப்வே அவருக்கு ஒன்றும் கடன்பட்டதில்லை.

அந்தக் கடன் வேறு வழியில் வசூலாகிற நாளில் என்ன நடக்கும் என்பதையும் இந்த ஊர் ஒரு தடவை பார்த்தது. 2022 மே 9 அன்று பிரதமர் பதவியை விட்ட மகிந்த ராஜபக்ச, மறுநாள் விடிகாலை ஜனம் அலரிமாளிகையைச் சுற்றி நிற்க, இராணுவப் பாதுகாப்போடு குடும்பமாகக் கொழும்பை விட்டு வெளியேறினார். நாட்டை நேசிப்பவர் யார், நேசிக்காதவர் யார் என்று பிரித்துச் சொன்னவர் ஒளிந்துகொள்ள வந்த இடம் திருகோணமலைக் கடற்படைத் தளம். செய்தி பரவியதும் தளத்து வாசலுக்கு ஆட்கள் போய்க் கூச்சல் போட்டார்கள். அன்றிரவு ஐபிஎல் மட்ச் இருந்தது. எந்த அணியோடு எந்த அணி ஆடியது என்று ஊரில் ஒருவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.